பட்டம் பெறாத பேராசிரியை

கற்றவர் இன்னார் என்று உலகத்தார் அறிந்துகொள்ளுதற்கு ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வோர் அடையாளம் வகுத்து வைத்துள்ளனர். நம் நாட்டுப் பண்டைப் புலவர் தாம் செய்த நூலைச் சான்றோர் அவையில் அரங்கேற்றினர். அவையோர் வினவிய வினாக்களுக்கு விடையிறுத்து, அவர் தலையசைக்கப் பெற்ற பின்னரே அந்நூல் நூலெனப்பட்டது. மேனாட்டார் சர்வகலாசாலைகளை நிறுவி, ஆங்கே பயின்று, ஆராய்ச்சி நூலொன்று எழுதி, ஆசிரியர் குழுவின் முன் வாய்மொழித் தேர்வில் வெற்றி பெற்றார்க்கு டாக்டர் பட்டம் வழங்கினர். பெயர் வேறாயினும் முறை ஏறக்குறைய ஒன்றே.

இனி ஒரு வினா எழுகின்றது. அவையோர் அனைவரும் தலையசைத்தனர், நூலும் குற்றமற்றதென ஒப்பினர், ஆயினும் அவைக்கு இடங்கொடுத்த மாளிகையின் உரிமையாளர் மட்டும், “இவர் பெண்பாலார், ஆதலின் பட்டம் இல்லை” என்றனர் எனக் கொள்வோம். அக்கல்வி கல்வியாகாது போமோ? பட்டம் பெறாதவர் அதன்பின் எவ்வாறு வாழ்தல் வேண்டும்? இவ்வினாவிற்குத் தம் வாழ்நாள் முழுவதையுமே விடையாகத் தந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை நேயர்கட்கு ஈண்டு உரைக்கப் புகுகின்றேன். அவர் அமெரிக்க நாட்டுத் தத்துவப் பேராசிரியை மேரி விட்டன் கால்கின்ஸ் என்பவர்.

பிறப்பும் இளமையும்

கால்கின்ஸ் அம்மையார் 1863-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்போர்டு என்னும் நகரிற் பிறந்தார். உடன்பிறந்தார் ஐவருள் இவரே மூத்தவர். தந்தையார் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் போதகர். கல்வியில் மிக்க விருப்புடையவர். பெண்மக்கள் கல்வியைத் தம் கடனாகவே கருதி நடத்தியவர். 1880-ஆம் ஆண்டளவில் அக்குடும்பம் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து நியூட்டன் என்னும் ஊரிற் குடியேறிற்று. அம்மையார் தம் வாழ்நாளின் இறுதிவரை அவ்வூரையே தமக்கு உறைவிடமாகக் கொண்டார்.

1882-இல் ஸ்மித் கலாசாலை என்னும் மகளிர் கல்லூரியிற் சேர்ந்தார். மறு ஆண்டே அவருடைய தங்கையொருத்தி இறந்துபட, ஓராண்டு வீட்டிலிருந்தே கற்க நேர்ந்தது. பின்னர் மீண்டு சென்று, கிரேக்கம் இலத்தீன் ஆகிய பழம்பெரு மொழிகளிலும் தத்துவ நூலிலும் தேர்ச்சிபெற்று வெளிவந்தார். அதன்பின் குடும்பத்தாருடன் ஐரோப்பா சென்று, கிரேக்க நாட்டிலும் சிலகாலம் தங்கி அம்மொழியை நன்கு பயின்று திரும்பினார்.

1887-இல் வெல்லெஸ்லி கலாசாலையில் அவருக்குக் கிரேக்கம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. இக்கலாசாலை 1875-இல் மகளிர்க்கெனவே திறக்கப்பட்டது. இதன் தனிச்சிறப்பு யாதெனின், மாணாக்கியர் மட்டுமன்றித் தலைவரும் பேராசிரியருமே மகளிராயிருந்தமையாம். கற்ற பெண்களுக்கு வேறெங்கும் இடமில்லாத அக்காலத்தில் இஃதொரு நிழல்மரம் போன்று நின்றது.

மூன்றாண்டுகள் கிரேக்கம் கற்பித்து வருங்கால், ஆங்கிருந்த தத்துவ ஆசிரியை ஒருவர் இவருடைய நுண்ணறிவைக் கண்டுணர்ந்தார். அக்காலத்தில் உளநூல், தத்துவ நூலின் ஒரு கிளையாகவே கருதப்பட்டது. அதனைச் சோதனைச்சாலையிற் கருவிகள் கொண்டு ஆராயும் புதுமுறை செர்மனியிலிருந்து அப்பொழுதுதான் அமெரிக்காவிற்கு வந்துகொண்டிருந்தது. அப்பாடத்தைக் கற்பிக்க ஆள் வேண்டியிருந்தமையால், ஓராண்டு வெளியிற்சென்று அதனைக் கற்று வருதல் வேண்டும் என்னும் நிபந்தனையோடு இவருக்கு அப்பணி அளிக்கப்பட்டது.

பிறர்க்குப் படிப்பு முந்தியது, பதவி பிந்தியது. இவ்வம்மையார்க்கோ பதவி முந்தி வந்தது. படிப்புக்கு இடந்தேடிப் பின்னர் அலையவேண்டியதாயிற்று.

வாயிலில் நின்ற மாணாக்கி

எங்குச் சென்று கற்பது? வெல்லெஸ்லிக்கும் நியூட்டனுக்கும் அண்மையிலிருந்தது ஹார்வர்டு சர்வகலாசாலை. இஃது 1636-இல் தோன்றியது. அமெரிக்க உயர்கல்விக் கழகங்களுள் மிகப் பழமையானது. வில்லியம் ஜேம்ஸ், ஜோசையா ராய்ஸ் என்னும் இரு பெருந்தத்துவ ஆசிரியர் அக்காலத்து ஆங்கிருந்தனர். இருவரும் இவரைத் தம் வகுப்பிற் சேர்த்துக்கொள்ள மனமுவந்தனர். ஆயின் சர்வகலாசாலையின் தலைவராகிய சார்லஸ் எலியட் என்பார், ஆடவரும் பெண்டிரும் ஒருங்கிருந்து கற்றலை விரும்பாதவராதலின் இசையவில்லை.

மகளின் பொருட்டுத் தந்தையார் விண்ணப்பம் ஒன்று எழுதினார். வெல்லெஸ்லியின் தலைவியாரும் அதற்குத் துணையாகக் கடிதம் விடுத்தார். 1890-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஹார்வர்டின் நிர்வாக சபையார் விடையளித்தனர். அம்மையார் வகுப்புகளிலிருந்து கேட்கலாம். ஆயினும் இச்சலுகையை ஏற்றுக்கொள்வதனால் அவர் சர்வகலாசாலையின் மாணாக்கராகப் பதிவு பெறும் உரிமை உடையவராகார் என்பது அதன் கருத்து. விருந்துக்கு அழைத்து, இலையிட்டு, “உண்க, ஆயின் நீ விருந்தினள் அல்லை” என்று உரைத்தமை போலும் இது.

அம்மையார் இதனைப் பொறுத்து உள்ளே புகுந்தார். ஜேம்சின் வகுப்பில் முதலில் ஆடவர் சிலரும் சேர்ந்திருந்தனர். சில நாளில் அவர் ஒவ்வொருவராக விலகிவிட, ஆசிரியரும் மாணாக்கியும் மட்டுமே எஞ்சினர். ஜேம்ஸ் பன்னீராண்டு உழைத்து எழுதிய ‘உளநூற் கோட்பாடுகள்’ என்னும் பெருநூல் இரண்டு தொகுதிகளாக அவ்வாண்டிலேதான் அச்சேறி வெளிவந்திருந்தது. நூலகத்தறையில், கணப்பின் இருமருங்கும் அமர்ந்து, நூலாசிரியர் வாயிலாகவே அந்நூற்பொருளைக் கேட்டுணரும் பேறு அம்மையார்க்குக் கிட்டிற்று. பதிவேட்டிற் பெயரில்லாத மாணாக்கிக்குக் கிடைத்த கல்வி, பெயர் பதிந்தார் எவர்க்கும் கிடைக்கவில்லை. குருகுல வாசத்தின் பயனை அமெரிக்க நாட்டில் ஓர் அம்மையார் இங்ஙனம் பெற்றார் என்னலாம்.

அதே காலத்தில் கிளார்க்கு சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்மண்டு சான்போர்டு என்னும் ஆசிரியரிடம் சோதனை முறைகளையும் தனியே பயின்றார். இருவரும் சேர்ந்து கனவுகளைப்பற்றி ஓர் ஆராய்ச்சி நிகழ்த்தினர். இரவில் வெவ்வேறு நேரத்திற் கடிகார மணி அடித்து எழுப்புமாறு அமைத்துக்கொண்டு, விழித்த உடனே கண்ட கனவை எழுதிவைத்தனர். இவ்வாறு அம்மையார் 205 கனவுகளையும், சான்போர்டு 170 கனவுகளையும் தொகுத்தனர். நாம் அண்மையிற் கண்ட மாந்தரும் இடங்களும் நிகழ்ச்சிகளுமே பெரும்பாலும் கனவில் மீளத் தோன்றுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. 1893-இல் வெளிவந்த இவ்வாராய்ச்சியைப் பின்னர் வியன்னா நகரத்து அறிஞர் பிராய்டு தம் கனவு நூலில் எடுத்துக்காட்டினார்.

சோதனைச்சாலையும் ஆராய்ச்சியும்

1891-இல் வெல்லெஸ்லிக்குத் திரும்பிய அம்மையார், அக்கலாசாலையின் பெருங்கட்டடத்து மேல்மாடத்தில் உளநூற் சோதனைச்சாலை ஒன்றை நிறுவினார். மகளிர் கலாசாலை ஒன்றில் இத்தகைய சோதனைச்சாலை அமைந்தது இதுவே முதல்முறை. இதற்கு ஆன செலவு ஏறக்குறைய 200 டாலர். முதல் வகுப்பில் ஐம்பதின் மேற்பட்ட மாணாக்கியர் சேர்ந்தனர்.

கற்பித்தல் இவ்வாறு நடைபெறினும், தாம் கற்றது போதாதென்னும் எண்ணம் அவரை விட்டகலவில்லை. 1892-இல் செர்மனியிலிருந்து ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் என்னும் இளம்பேராசிரியர் ஹார்வர்டின் சோதனைச்சாலைக்குத் தலைவராக வந்து சேர்ந்தார். அம்மையார் முதலில் ஓய்வு நேரங்களிலும், பின்னர் 1894-இல் முழு விடுமுறை பெற்றும் அவரிடம் ஆராய்ச்சி பயின்றார்.

அவர் மேற்கொண்ட பொருள் நினைவின் இயல்பு. ஒன்றைக் கண்டவழி மற்றொன்று நினைவிற்கு வருதல் எதனால்? பூவைக் கண்டவுடன் அதனைத் தொடுத்த கையும் நினைவில் எழுகின்றதே, அத்தொடர்பு எவ்வாறு இறுகுகின்றது? இதனை அறிதற்கு அவர் ஓர் எளிய முறை கண்டார். ஒரு நிறத்தைக் காட்டி, அதனை அடுத்து ஓர் எண்ணைக் காட்டுவர். இவ்வாறு பல இணைகளைக் காட்டி முடித்தபின், நிறங்களை மட்டும் வரிசை மாற்றிக் காட்டி, அதற்குரிய எண் யாதென வினவுவர். சில இணைகள் பலமுறை வரும். சில இறுதியில் வரும். சிலவற்றின் எண் பெரிதாகவோ வேறு நிறத்திலோ அமைந்து கண்ணைக் கவரும். இவற்றுள் எது நினைவில் மிகுதியாக நிற்கின்றது? பன்முறை வருதலே ஏனையவற்றினும் வலிது என்பது அவர் பெற்ற முடிவு.

பாடத்தைப் பன்முறை ஓதுக என்று நம் திண்ணைப் பள்ளி ஆசிரியர் பிள்ளைகட்குக் கூறிவந்தது இதுவே அன்றோ எனச் சிலர் நகைக்கலாம். ஓதுதல் நன்றென்று கூறுதல் வேறு. அஃது எத்துணை வலிது, பிறவற்றினும் எவ்வளவு மிக்கது என அளந்து காட்டுதல் வேறு. அம்மையார் வகுத்த இவ்விணைமுறை, நினைவாற்றலை ஆராய்வார்க்கு இன்றும் பயன்படும் கருவியாக விளங்குகின்றது.

அரங்கேற்றமும் மறுப்பும்

மூன்ஸ்டர்பெர்க் 1894-இல் நிர்வாக சபையார்க்கு எழுதி, இவ்வம்மையாரைப் பட்டத்திற்குரிய மாணாக்கராக ஏற்றல் வேண்டுமென வேண்டினார். தம் சோதனைச்சாலையிற் பயின்றோர் எல்லோரினும் இவரே வலியர் என்றும் எடுத்துரைத்தார். சபையார் இசையவில்லை.

ஆயினும் ஆசிரியர் வாளாவிருந்திலர். 1895-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள், டாக்டர் பட்டத்திற்குரிய தேர்வை முறைப்படியே, ஆயின் சபையாரின் ஆணையின்றியே, அம்மையார்க்கு நடத்தினர். ஜேம்ஸ், ராய்ஸ், மூன்ஸ்டர்பெர்க், பாமர், சாந்தயானா முதலிய தத்துவத் துறை ஆசிரியர் சூழ்ந்திருந்து வினவினர். அம்மையார் விடையிறுத்தார். முடிவில் அனைவரும் ஒருமுகமாக, இவர் டாக்டர் பட்டத்திற்கு வேண்டிய எல்லாத் தகுதியும் உடையர் என எழுதிக் கையெழுத்திட்டு நிர்வாக சபைக்கு விடுத்தனர். ஹார்வர்டில் நிகழ்ந்த அவ்வகைத் தேர்வுகளுள் இத்துணைச் சிறந்தது வேறில்லை எனும் கருத்துப்பட ஜேம்ஸ் நண்பர்க்கு எழுதினார்.

சபையார் அவ்வெழுத்தைக் கண்டனர், பதிவேட்டிற் குறித்து வைத்தனர், அவ்வளவே. பட்டம் இல்லை.

நேயர்கள் ஒன்றைக் கருதுதல் வேண்டும். ஈண்டுத் தகுதி இன்மையால் மறுப்பு நேரவில்லை, ஆசிரியர் வெறுப்பால் நேரவில்லை, பணமின்மையால் நேரவில்லை. குலமும் பாலும் செல்வமும் கல்விக்குத் தடையாகும் போதெல்லாம், தடுப்போர் “இவர்க்குத் தகுதி போதாது” என்று கூறித் தம்மை மறைத்துக்கொள்ளுதல் வழக்கம். கால்கின்ஸ் அம்மையார் விஷயத்தில் அம்மறைப்புக்கும் இடமில்லை. தகுதி உண்டென்று தம் ஆசிரியரே எழுதிக் கொடுத்தபின், எஞ்சியிருந்த காரணம் ஒன்றே. அவர் பெண்ணாய்ப் பிறந்தமை.

இவ்வாறு நேர்ந்தது இவர் ஒருவர்க்கே அன்று. கிறிஸ்டின் லாட் என்னும் அம்மையார் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் தருக்க நூல் ஆராய்ச்சியை 1882-இலேயே முடித்தும், பட்டம் பெற்றது 1926-இல். இடையே சென்றவை நாற்பத்து நான்கு ஆண்டுகள். மார்கரெட் வாஷ்பர்ன் என்பார் கொலம்பியா சர்வகலாசாலையில் வெறுங்கேட்போராக மட்டுமே இருக்கப்பெற்று, அதனால் கார்னெல் சர்வகலாசாலைக்குச் சென்று 1894-இற் பட்டம் பெற்றார். ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரு வாயில் திறந்தும் மற்றொரு வாயில் அடைத்தும் கிடந்தமை இவற்றால் விளங்கும்.

மாற்றுப் பட்டம்

ஏழாண்டுகள் கழிந்தன. இதற்கிடையில், ஹார்வர்டின் ஆசிரியரே வந்து மகளிர்க்குக் கற்பிக்கும் ராட்கிளிப் என்னும் கலாசாலை 1894-இல் அரசினரால் ஒப்புக்கொள்ளப் பெற்றிருந்தது. 1902-இல் அக்கலாசாலையார், ஹார்வர்டில் ஆராய்ச்சி முடித்தும் பட்டம் பெறாத நான்கு மகளிர்க்குத் தாம் டாக்டர் பட்டம் வழங்க முன்வந்தனர். அந்நால்வருள் கால்கின்ஸ் அம்மையார் ஒருவர். ஏனைய மூவரும் ஏற்றனர். மூன்ஸ்டர்பெர்க்கும், இதனை ஏற்றுக்கொள்க என்று அம்மையாரை வற்புறுத்தினார்.

அம்மையார் மறுத்துவிட்டார்.

அவர் எழுதிய விடையின் கருத்து இது: ராட்கிளிப்பின் அன்பை நான் மதிக்கின்றேன். பட்டத்தை ஏற்பது எனக்கு எளிது, மறுப்பதே அரிது. ஆயினும் நான் கற்றது ஹார்வர்டில், ராட்கிளிப்பில் அன்று. ஹார்வர்டில் முடித்த படிப்பிற்கு ஹார்வர்டு பட்டமே உரியது. மகளிர்க்கெனத் தனியே ஒரு பட்டம் வகுப்பது நெறியன்று என்று நான் எண்ணுகின்றேன். அதனை நான் ஏற்பேனாயின் அந்நெறிக்கு உடன்பட்டவளாவேன்.

இம்மறுப்பு தக்கதோ என வினவுவார் உளர். இரு பக்கமும் கருதிப் பார்ப்போம். பட்டம் ஒரு கருவி. கிடைத்த கருவியைக் கைக்கொண்டு மேலே நடப்பதே அறிவுடைமை என்பது ஒரு பக்கம். ஏற்ற மூவரையும் நாம் குறைகூற இயலாது. அம்மையார் 1898-இலேயே வெல்லெஸ்லியிற் பேராசிரியை ஆகிவிட்டவர். நிலையான பதவி உடையவர். அஃதில்லார்க்குப் பட்டமே ஊன்றுகோல். அவர் அதனை விடுத்து நடத்தல் எளிதோ? மற்றொரு பக்கம் பாருங்கள். நெல்லுக்குக் கூலியாக உமியைத் தந்தால், பெறுவோன் வாய்பேசாது பெற்றுக்கொள்ளும் வரை, தருவோன் தான் தந்தது நெல்லே என்று கூறிக்கொண்டிருப்பான். வாங்க மறுப்பவன் ஒருவனேனும் இருந்தாலன்றி, நெல்லுக்கும் உமிக்கும் உள்ள வேறுபாடு ஊரார்க்கு விளங்காது. பதவியுடையவர் மறுத்தல் எளிது என்பது மெய்யே. எளிதாதலினாலேயே மறுத்தற்குரிய கடமையும் அவரைச் சார்ந்தது. அம்மையார் தம் நிலையின் வலிமையைத் தமக்கெனப் பயன்படுத்தாது, பின்வருவார் பொருட்டுப் பயன்படுத்தினார் என்பதே யான் கொண்ட கருத்து.

பட்டம் பெற்றார்க்கு மட்டும் எல்லாம் எளிதாயிற்றோ எனின், அதுவும் இல்லை. ஏற்ற மூவருள் ஒருவராகிய எதெல் பஃபர் என்னும் அம்மையார் சிறந்த அறிவினர். 1908-இல் அவருக்குத் திருமணம் நிச்சயமாயிற்று என்னும் பேச்சு எழுந்த அளவிலேயே, அவருக்குக் கிடைக்கவிருந்த ஆசிரியப் பதவிக்கு அஃது ஊறாயிற்று. ஆடவர்க்கு மணம் மங்கலம். கற்ற பெண்ணுக்கோ அது பதவியிழப்பு. கால்கின்ஸ் அம்மையார் மணம் செய்துகொள்ளாதே வாழ்ந்தார். நியூயார்க் நகரத்துப் பெருங்கலாசாலையிலிருந்து மேற்பட்ட வகுப்புகட்குக் கற்பிக்குமாறு அழைப்பு வந்தபோதும், முதிய பெற்றோரை விட்டுப் பிரிய மனமின்றி அதனை ஏற்றிலர். மூத்த மகளின் கடன் எந்நாட்டிலும் ஒன்றே போலும்.

தத்துவப் பணி

1898-இல் சோதனைச்சாலையை மற்றோர் ஆசிரியையிடம் ஒப்புவித்துவிட்டு, அம்மையார் தத்துவ ஆராய்ச்சியிலேயே பெரிதும் ஈடுபட்டார். அவருடைய கொள்கையின் உயிர்நிலையை எளிய சொற்களிற் கூறலாம். அக்காலத்து உளநூலார் பலர், மனம் என்பது உணர்ச்சிகளும் எண்ணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஓட்டம் மட்டுமே என்றனர். பின்வந்த வாட்சன் முதலியோர், மனம் என்று ஒன்றைப் பற்றிப் பேசுதலே வேண்டா. உடலின் செயல்களை மட்டும் நோக்குக என்றனர். அம்மையார் இரு சாராரையும் மறுத்தார். எண்ணம் என்றால் அஃது எவரேனும் ஒருவருடைய எண்ணமாதல் வேண்டும். காண்பான் இன்றிக் காட்சி இல்லை. நினைப்பான் இன்றி நினைவு இல்லை. ஆதலின் உளநூலின் முதற்பொருள் ‘நான்’ என்று தன்னை உணரும் ஆளே என்பது அவர் துணிபு. ஏறக்குறைய முப்பதாண்டுகள், எதிர்ப்பார் பலரிடை, இக்கொள்கையை அவர் விடாது நிலைநாட்டி வந்தார்.

இதன்மேல் எழுந்ததே அவருடைய தத்துவமும். உலகத்தில் உள்ளம் சார்ந்த பொருள்கள் உண்டு. உள்ளம் என்பது எப்பொழுதும் ஓர் ஆளைச் சார்ந்தது. இவ்வுலகம் முற்றும் உள்ளமயமானது. அஃது அனைத்தையும் தன்னுள் அடக்கிய ஒரு பேரான்மாவே. இந்நான்கும் படிப்படியாக அவர் கூறியவை. இப்பேரான்மாக் கொள்கையில் அவர் தம் ஆசிரியராகிய ராய்சின் வழிநின்றார். நம் சமயவாதிகள் பன்னூறாண்டு வாதிட்ட பொருளோடு இஃது ஒருபுடை ஒத்திருத்தல் கற்றார்க்குப் புலனாகும். எனினும் அம்மையார் இதனைப் பெற்றது மேனாட்டுத் தத்துவ மரபிலிருந்தேயாம்.

1907-இல் அவர் வெளியிட்ட ‘தத்துவத்தின் நிலைத்த வினாக்கள்’ என்னும் நூல், டேகார்ட், லைபுனிட்சு, பார்க்கிலி, ஹியூம், காண்ட், ஹெகல் முதலிய மேனாட்டுத் தத்துவ ஆசிரியரின் கொள்கைகளை முறையாக ஆராய்ந்து கூறுவது. ஐந்து பதிப்புகள் பெற்றது. 1918-இல் அறநெறி பற்றி மற்றொரு நூல் வெளியிட்டார். இவையன்றி வேறு நூல்களும், நூற்றின் மேற்பட்ட கட்டுரைகளும் அவருடைய உழைப்பின் பயனாம்.

உலகம் அவரை மதியாதிருக்கவில்லை. 1903-இல் அமெரிக்க உளநூலார் தம்முள் தலைசிறந்த ஐம்பதின்மரை வரிசைப்படுத்தியபோது, அம்மையார் பன்னிரண்டாம் இடத்தைப் பெற்றார். 1905-இல் அமெரிக்க உளநூற் சங்கத்தின் தலைமைப் பதவி அவரை அடைந்தது. 1918-இல் அமெரிக்கத் தத்துவ சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். இவ்விரு பதவிகளையும் ஏற்ற முதற்பெண்மணி இவரே. கொலம்பியா சர்வகலாசாலை 1909-இலும், தாம் முதலிற் கற்ற ஸ்மித் கலாசாலை 1910-இலும் இவருக்குக் கௌரவப் பட்டங்கள் வழங்கின. அவர் நாடிய பட்டம் மட்டும் அவரை நாடிவரவில்லை.

நெறிக்கு நிற்றல் பட்டம் ஒன்றில் மட்டுமே அவர்க்கு அமைந்ததன்று. முதல் உலகப்போரின் போது, வெல்லெஸ்லியின் ஆசிரியை ஒருவர் போரை வெறுக்கும் கொள்கையினர் என்னும் காரணத்தால் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தக் கலாசாலையார் மறுத்தனர். அம்மையார், “யானும் அக்கொள்கையினளே; ஆதலின் எனக்கும் இங்கு இடமிருத்தல் தகாது” எனத் தம் பதவியைத் துறக்க முன்வந்தார். கலாசாலையார் அதனை ஏற்காது அவரை நிறுத்திக்கொண்டனர். பிறர்க்கு நேர்ந்த இழிவைத் தமக்கு நேர்ந்ததாகக் கொள்ளுதல் தத்துவம் கற்றதன் பயனாகும்.

இறுதியும் பின்னும்

1927-இல் ஹார்வர்டிற் பட்டம் பெற்ற உளநூலாரும் தத்துவ நூலாருமாகிய பதின்மூவர், நாடறிந்த பெரியோர், ஒன்றுகூடி, இனியேனும் கால்கின்ஸ் அம்மையார்க்கு உரிய பட்டத்தை வழங்குக என்று சர்வகலாசாலைத் தலைவர்க்கு விண்ணப்பித்தனர். வழங்குதற்குத் தக்க காரணம் காணவில்லை என்பதே விடையாயிற்று. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரைத் தேர்ந்த ஆசிரியருட் பலர் அப்பொழுது இவ்வுலகிலேயே இல்லை.

1929-இல், நாற்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிய பின், அம்மையார் வெல்லெஸ்லியிலிருந்து ஓய்வு பெற்றார். நூல் எழுதவும் தாயாருடன் இருக்கவும் அவ்வோய்வைப் பயன்படுத்த எண்ணினார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. 1930-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அறுபத்தாறாம் வயதில், நோய்வாய்ப்பட்டுக் காலஞ்சென்றார்.

அவர் மறைந்து முப்பத்துமூன்றாண்டுகள் கழிந்தபின், 1963-ஆம் ஆண்டில், ராட்கிளிப் மாணாக்கியர்க்கு ஹார்வர்டு பட்டமே வழங்கும் முறை ஏற்பட்டது. மகளிர்க்குத் தனிப்பட்டம் என்னும் வழக்கு அதனோடு ஒழிந்தது. 1902-இல் தனியொருவராய் நின்று அம்மையார் மறுத்தது எதனையோ, அதனையே ஹார்வர்டும் இறுதியிற் கைவிட்டது. அவருடைய மறுப்பு வீண் பிடிவாதமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நேயர்களே! இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கன யாவை? கல்வி வேறு, அதற்கிடும் முத்திரை வேறு என்பது ஒன்று. முத்திரை இன்மையால் கல்வி குன்றவில்லை. அம்மையார் கற்றார், கற்பித்தார், நூல் செய்தார், சங்கங்கட்குத் தலைமை தாங்கினார். ஆயினும் இதனைக் காட்டி, முத்திரை வேண்டாப் பொருள் என்று எவரும் கூறிவிடலாகாது. அது வேண்டாததாயின், அம்மையார் அதனைக் கேட்டிரார். கொடாதவரும் அத்துணை உறுதியாய் மறுத்திரார். உரியது உரியவர்க்குச் சேர்தலே முறை என்பது இரண்டாவது.

மூன்றாவது, பெற்றோர்க்கு உரியது. மகள் கற்க விழைந்தபோது விண்ணப்பம் எழுதியவர் தந்தையார். அவர் அன்று, “பெண்ணுக்கு இவ்வளவு போதும்” என்று இருந்திருப்பாராயின், நூலகத்துக் கணப்பின் அருகே அம்மாணாக்கி அமர்ந்திருக்க மாட்டார். சர்வகலாசாலையின் கதவு அடைத்திருந்தது மெய். ஆயினும் வீட்டின் கதவு திறந்திருந்தது. ஊரார் கதவு திறக்கும் காலம் நம் கையில் இல்லை. வீட்டுக் கதவோ என்றும் நம் கையிலேயே உள்ளது.